காரில் ஆம்ப்ளிஃபயர்: ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தினருக்குக் கார் பேட்டரி புதிய பொருளன்று. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் அமரான் பேட்டரிகள், திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலிருந்து நாடெங்கும் செல்கின்றன. ஆயினும், ‘12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?’ என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அது உடலில் அதிர்ச்சி தராது என்பது மெய்யே. ஆனால் இரு முனைகளும் நேரே இணைந்தால் பல நூறு ஆம்பியர் பாயும். வயர் நொடிகளில் பழுத்துத் தீப்பற்றும்.

பாட்டுக்காக ஆம்ப்ளிஃபயர் பொருத்தும்போதுதான் இந்த ஆபத்து நேர்கிறது. பேட்டரி முன்புறம், ஆம்ப்ளிஃபயரோ பின்புறப் பெட்டியில். இடையே சுமார் 5 மீட்டர் வயர், இரும்புத் தகட்டுத் துளை வழியே செல்கிறது. அதிர்வில் உறை தேய்ந்து செம்பு தகட்டைத் தொட்டால், ஆம்ப்ளிஃபயரிலுள்ள ஃபியூஸால் பயனில்லை. அது அக்கருவியை மட்டுமே காக்கும். வயரைக் காப்பதற்குப் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் தனி ஃபியூஸ் வேண்டும். துளையில் ரப்பர் வளையமும் இன்றியமையாதது.

அளவையும் கணக்கிடுவோம். 500 வாட் ஒலி தரும் கருவி, 80 சதவீதத் திறனில் இயங்கினால் 625 வாட் இழுக்கும். அதை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 ஆம்பியர். இதற்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். செம்பு பூசிய அலுமினிய வயர் விலை குறைவு; அதே பருமனில் தாங்கும் மின்னோட்டமும் குறைவு. எதிர்முனை வயரும் அதே பருமனில், குட்டையாக, வண்ணம் சுரண்டிய தகட்டில் இறுக்கப்பட வேண்டும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது முதல் விதி.

வாடிக்கையாளர்கள் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. கடனில் வாங்கிய கார், தவணை முடியும்வரை வங்கிக்கு ஈடாக நிற்கிறது. தொழிற்சாலையில் பொருத்தப்படாத மின்கருவிகளைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே அறிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான கூடுதல் பிரீமியம் பொதுவாகக் கருவி மதிப்பில் 4 சதவீதம். 15,000 ரூபாய்க் கருவிக்கு 600 ரூபாய். அறிவிக்காத கருவிக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. தீ அதன் இணைப்பிலிருந்தே தொடங்கியிருந்தால், காருக்கான கோரிக்கையும் சிக்கலாகலாம். கடன் தவணையோ நிற்காது.

ஆகவே கடையில் இசையின் தரத்தைக் கேட்குமுன், ‘ஃபியூஸ் எங்கே?’ என்று கேட்போம். பில்லையும் வாங்கிப் பத்திரப்படுத்துவோம்.