குறை தெரிந்த மதர்போர்டும் அதன் ஆயுளும்

பெரிய நிறுவனங்களின் கணினிக் கூடங்களில் இரவு பகலாக உழைத்து, மூன்று அல்லது ஐந்து வருஷங்கள் கழிந்ததும், பழுது ஏதும் இல்லாதபோதே கணக்குப் புத்தகத்தில் மதிப்பிழந்துவிட்ட காரணத்தால் கழற்றி விற்கப்படும் சர்வர் மதர்போர்டுகள், பழைய சாமான்களின் சந்தைக்கு வரும்போது, புதிதில் விற்ற விலையின் ஒரு சிறு பங்குக்கே கிடைத்துவிடுகின்றன. கைக்காசைப் போட்டுச் சொந்தமாகச் சர்வர் அமைத்துப் பழகும் மாணவர்களுக்கும், குறைந்த முதலில் தொழில் நடத்துவோருக்கும் இது பெரிய அனுகூலம். ஆயினும் இவற்றுள்ளும் மிக மலிவாகக் கிடைக்கும் ஒரு ரகம் உண்டு. அதன் குறை உலகறிந்தது; செய்தவர்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது; ஆனாலும் இன்று சுவிட்சைப் போட்டால் பலகை செவ்வனே ஓடுகிறது. அத்தகைய பலகையை வாங்குவது தகுமா என்பதை விலையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது; அந்தக் குறை உள்ளே எவ்விதமாகத் தொழிற்படுகிறது என்பதை அறிந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இன்டெல் நிறுவனம் 2013ஆம் வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட ஆட்டம் சி2000 என்னும் சில்லு வரிசை இதற்குத் தக்க உதாரணம். அவ்வரிசையின் சி2750 என்ற சில்லு, எட்டுக் கோர்களைக் கொண்டிருந்தும் 20 வாட் அளவிலான மின்சக்திக்கே வடிவமைக்கப்பட்டது. 64 ஜிபி வரை பிழை திருத்தும் இசிசி நினைவகத்தை ஏற்றது. நான்கு நெட்வொர்க் இணைப்புகளுக்கு வேண்டிய சாதனங்களையும் தன்னுள்ளேயே அடக்கியிருந்தது. பதினேழு சென்டிமீட்டர் சதுரப் பலகையில் இச்சில்லைப் பற்றவைத்து, பன்னிரண்டு ஹார்டு டிஸ்க்குகளைப் பூட்டக்கூடிய மதர்போர்டையும் ஏஎஸ்ராக் ரேக் நிறுவனம் விற்றது. கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டிகள், ரௌட்டர்கள், ஃபயர்வால்கள் எனப் பல சாதனங்களில், ஒரு வருஷத்தின் 8,760 மணி நேரமும் நிற்காமல் ஓடும் உத்தியோகத்தில் இது அமர்த்தப்பட்டது.

2017ஆம் வருஷத் தொடக்கத்தில்தான் குறை வெளிப்பட்டது. இன்டெல் தன் பிழைப் பட்டியலில் ஏவிஆர்54 என்ற எண்ணிட்டு ஒரு குறிப்பைச் சேர்த்தது: சில்லிலிருந்து வெளியே செல்லும் ஒரு கடிகாரத் துடிப்பு நின்றுபோகக்கூடும், அவ்வாறு நின்றால் யந்திரம் மீண்டும் பூட் ஆகாது என்பது அதன் சாரம். அதே வருஷம் பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனம், எவரிடமிருந்து வாங்கிய உறுப்பு என்பதைச் சொல்லாமலே, தன் சாதனங்கள் சிலவற்றில் உள்ள கடிகார உறுப்பு ஏறத்தாழ 18 மாத உழைப்புக்குப் பிறகு பழுதடையத் தொடங்கலாம் என்றும், பழுதடைந்தபின் அச்சாதனத்தை மீட்க இயலாது என்றும் அறிவித்தது. பதினெட்டு மாதம் என்பது சுமார் பதின்மூவாயிரம் மணி நேரம். இன்று பழைய சாமானாக வரும் பலகைகளில் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தாண்டியே வருகின்றன.

நின்றுபோகும் அந்தத் துடிப்பு, ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கைப்பேசியின் சில்லுக்கும் வேகத்தில் ஈடாகாத ஒரு சாமானியத் துடிப்பு என்பதுதான் இவ்விஷயத்தின் சூக்ஷ்மம். எட்டுக் கோர்களும் விநாடிக்கு 240 கோடித் தடவை துடிக்கின்றன. அவற்றுக்கு யாதொரு கேடும் இல்லை. கெடுவது எல்பிசி என்னும் பழைய பாதையின் 33 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். ஐஎஸ்ஏ என்ற அதனினும் பழைய பாதைக்குப் பதிலாக 1990களின் இறுதியில் இன்டெல் வகுத்த இந்தப் பாதைக்கு அவசியமான கம்பிகள் ஏழே ஏழு. எனினும் யந்திரம் கண்விழிக்கும் வேளையில் முதலில் கலந்துபேச வேண்டிய துணைச் சில்லுகள், அதாவது சர்வரை மேற்பார்வை செய்யும் சில்லு, சிறுசிறு துறைகளை நடத்தும் சில்லு, பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சில்லு போன்றவை, பல பலகைகளில் இந்த ஏழு கம்பிகளில்தான் தொங்குகின்றன. துடிப்பு இல்லையேல் அவை பேசமாட்டா. அவை பேசாவிடில் கோர்களின் ஆற்றலால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. விளக்கு எரியும், விசிறி சுழலும், திரையில் மட்டும் ஒன்றும் தோன்றாது.

சில்லினுள் உள்ள டிரான்சிஸ்டர்களும் முதுமை அடைகின்றன. மின்னழுத்தமும் வெப்பமும் ஓயாது தாக்க, அவற்றின் மெல்லிய காப்பு அடுக்கில் மின்னூட்டங்கள் சிறிது சிறிதாகச் சிக்கிக்கொள்ள, முன்பு எளிதில் திறந்த வாயில் நாளடைவில் தயங்கித் திறக்கிறது; அது செலுத்தும் மின்னோட்டமும் குன்றுகிறது. எல்லாச் சில்லுகளுக்கும் உள்ள இந்தத் தேய்மானம், சி2000இன் கடிகார முனையில் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிட்டது. இங்கேதான் வாங்குபவர் ஏமாறும் ஒரு தர்க்கம் இருக்கிறது. ‘ஏழு வருஷம் ஓடிய பலகை, கெடுவதாயின் இதற்குள் கெட்டிருக்கும், ஆகவே இது திடமானது’ என்று விற்பவர் சொல்லுகிறார். பிறவிப் பழுது உள்ள சாமான்களுக்கு அவ்வாதம் பொருந்தும். அவை முதற் சில மாதங்களிலேயே உதிர்ந்துபோக, எஞ்சியவை நல்லவை என்று நம்பலாம். தேய்மானத்தால் வரும் பழுதுக்கோ, ஓடிய ஒவ்வொரு மணியும் மிச்சமுள்ள ஆயுளைத் தின்ற மணியே ஆதலால், நெடுநாள் பிழைத்திருந்தமை பலத்துக்குச் சாட்சியாகாது. முடிவு நெருங்கியிருப்பதற்கே அது சாட்சியாகலாம்.

இந்தக் குறைக்கு ஒரு வைத்தியமும் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைவதில்லை. கடிகார முனையையும் 3.3 வோல்ட் முனையையும் சுமார் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் இணைத்துவிட்டால், இறந்ததாகக் கைவிடப்பட்ட பல பெட்டிகள் மீண்டும் எழுந்து ஓடுகின்றன. சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்415+, டிஎஸ்1815+ ஆகிய பெட்டிகளில் இவ்வைத்தியம் பலரால் செய்து பார்க்கப்பட்டது. தளர்ந்துபோன டிரான்சிஸ்டரால் உரிய உயரத்துக்குத் தூக்க இயலாத மின்னழுத்தத்தை, வெளியிலிருந்து வரும் இந்த மின்னோட்டம் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. ஆனால் துடிப்பு கீழே இறங்கும் ஒவ்வொரு கணமும் அதே முனை, அதிகபட்சம் 33 மில்லியாம்பியர் வரை, இந்த உபரி மின்னோட்டத்தையும் விழுங்கவேண்டியிருக்கிறது. தேய்ந்த டிரான்சிஸ்டரும் தேய்ந்ததாகவே இருக்கிறது. இது அவகாசம் வாங்கும் உபாயமேயன்றி நிவர்த்தி அன்று. நிவர்த்தி என்பது, இன்டெல் பின்னர் திருத்திச் செய்த சி0 என்னும் பதிப்புச் சில்லிலேயே இருக்கிறது, பழையது பி0. சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், ஒன்றை எடுத்து மற்றொன்றைச் செருக வழியில்லை.

எல்லாக் குறைகளும் இவ்வளவு கொடியவை அல்ல. 2011ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி, கூகர் பாயிண்ட் என்ற சிப்செட்டில் பழுது இருப்பதாக அறிவித்த இன்டெல், அதைச் சீர்செய்ய 70 கோடி டாலர் செலவாகும் என மதிப்பிட்டது. சர்வர்களுக்கான சி200 வரிசையும் அதில் அடங்கும். அங்கும் தேய்ந்தது ஒரு டிரான்சிஸ்டர்தான். முந்திய வடிவமைப்பின் மிச்சமாக, தேவையே இன்றி நின்றுவிட்ட அதற்கு மிகையான மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதனால் கெடக்கூடியவை, டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா துறைகளில் விநாடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள நான்கே. 6 ஜிகாபிட் வேகமுள்ள இரண்டுக்கும் ஆபத்தில்லை. இரண்டே டிஸ்க்குகள் போதும் என்பவரும், தனியாக ஒரு கன்ட்ரோலர் கார்டைச் செருகிக்கொள்பவரும், பழுதுள்ள பி2 பதிப்புச் சிப்செட் கொண்ட அப்பலகையைக் கவலையின்றி வாங்கலாம். ஏவிஆர்54 உயிர்நிலையில் விழும் அடி; இது ஒதுங்கி நடக்கக்கூடிய பள்ளம்.

ஆகவே வாங்குமுன் பலகையின் பெயரோடு சில்லின் பதிப்பையும் விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். சி2000 பலகையில் அது சி0 எனில் அஞ்ச வேண்டியதில்லை. பி0 எனில், பலகையில் எவரேனும் முன்பே ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்லிவிடும் தரகரின் வித்தை இங்கே பலிக்காது. ஹார்டு டிஸ்க் தான் ஓடிய மணிகளைத் தானே எழுதி வைக்கும். மதர்போர்டுகளில் பெரும்பாலானவை எழுதுவதில்லை. உத்தரவாதமோ பெரும்பாலும் முதலில் வாங்கியவரோடு நின்றிருக்கும்.

இவ்வளவும் அறிந்த பின்னும் பி0 பலகையை வாங்குவது மடமை என்று நான் சொல்லமாட்டேன். ரெசிஸ்டரைப் பற்றவைக்கத் தெரிந்தவரும், இரண்டு பலகைகளை ஒன்றுக்கொன்று துணையாக வைத்துக்கொள்ள முடிந்தவரும், வேறோர் இடத்தில் பிரதி உள்ள கோப்புகளை மட்டும் அதில் வைப்பவரும் தாராளமாக வாங்கலாம். யந்திரத்தை அடிக்கடி நிறுத்தி எழுப்பாமல் இருப்பதை அவர்கள் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. துடிப்பு தேய்ந்துகொண்டே இருக்க, என்றோ ஒரு நாள் மின்சாரம் போய் வரும்போது அது விழிக்காமல் போகலாம். அன்று டிஸ்க்குகளைக் கழற்றி வேறு பலகையில் பூட்டினால் கோப்புகள் அப்படியே கிடைக்கும். இசிசி நினைவகமும் அதே ரகத்தை ஏற்கும் அடுத்த பலகைக்கு உதவும். ஆனால் ஒரே பிரதியாகக் குடும்பப் புகைப்படங்களையோ கடைக் கணக்கையோ வைக்க விரும்புபவர், விலை எவ்வளவு மலிவாயினும், சி0 பலகைக்காகக் காத்திருக்க வேண்டும்.