மீள்திறன்: எண்ணிக்கையா, வேறுபாடா? – ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தை முன்வைத்து

முன்னுரை

மின்சாரம், குடிநீர், மருத்துவம் முதலிய இன்றியமையாத அமைப்புகள் பேரிடரிலும் தம் பணியைத் தொடரும் ஆற்றலும், தடைப்பட்டால் விரைந்து மீளும் ஆற்றலும் மீள்திறன் எனப்படும். மாற்றுக் கருவிகளைப் பெருக்கினால் மீள்திறன் பெருகும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே காரணம், பல இழப்புகள்

2011 மார்ச் 11 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தால் அந்நிலையம் வெளியிலிருந்து பெற்றுவந்த மின்சாரத்தை இழந்தது. அதன் 6 அலகுகளுக்கும் சேர்த்து 13 அவசரக்கால டீசல் மின்னாக்கிகள் இருந்தன. இயங்கும் நிலையில் இருந்தவை உடனே இயங்கின. ஆனால், அடுத்து வந்த ஆழிப்பேரலைக்குப் பின் ஒன்று மட்டுமே தொடர்ந்து மின்சாரம் வழங்கியது.

பெரும்பாலான மின்னாக்கிகள் நிலவறைகளில் இருந்தன, கடல்நீரால் குளிர்விக்கப்பட்டன. எண்ணிக்கையில் பலவாயினும், இடத்தாலும் குளிர்விக்கும் முறையாலும் அவை ஒத்திருந்தன. ஆகவே ஒரே வெள்ளம் அவற்றை ஒருசேர வீழ்த்தியது.

காற்றால் குளிர்விக்கப்படும் மின்னாக்கிகள் மூன்று இருந்தன. அவற்றுள் 2, 4ஆம் அலகுகளுக்குரியவை மூழ்கவில்லை. எனினும், அவற்றின் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பலகைகள் நிலவறையில் மூழ்கியதால் அவை பயன்படவில்லை. 6ஆம் அலகின் மின்னாக்கியும் அதன் பகிர்மானப் பலகையும் தப்பின. அம்மின்சாரம் 5ஆம் அலகிற்கும் பகிரப்பட்டது. மார்ச் 20 அன்று இரு உலைகளும் பாதுகாப்பான குளிர்நிலையை எட்டின. 1, 2, 3ஆம் உலைகளிலோ எரிபொருள் உருகியது.

5, 6ஆம் உலைகள் ஆய்வுக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தமையும், ஏனையவற்றைவிட ஏறத்தாழ 3 மீட்டர் உயர்ந்த தளத்தில் அமைந்திருந்தமையும் இங்குக் கருதத்தக்கன. ஆயினும், மின்சாரம் இன்றி அவற்றையும் குளிர்வித்திருக்க இயலாது.

முடிவுரை

மீள்திறன் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. இடம், இயங்குமுறை, இணைப்பு ஆகியவற்றின் வேறுபாட்டால் அமைவது என்பது இதனால் புலனாகிறது. கருவி பிழைத்தும் இணைப்பு அறுந்தால் பயனில்லை. எனவே, 'மாற்று எத்தனை?' என்பதோடு, 'அனைத்தையும் ஒருசேர வீழ்த்தும் காரணம் எது?' என்றும் நிறுவனங்கள் வினவுதல் வேண்டும். ஓலைச்சுவடியையும் அதன் மின்படியையும் ஒரே அறையில் காக்கும் நூலகத்திற்கும் இவ்வினா பொருந்தும்.