மஸ்கெலியாவில் எங்கள் வீடு

மலைமேல் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் உடனே ஒரு மரியாதை தோன்றும். உதகமண்டலத்துப் பங்களாவும், ரோஜாத் தோட்டமும், தலைப்பாகை கட்டிய பட்லரும் அவருடைய மனக்கண்முன் வந்து நிற்கும் போலிருக்கிறது. அந்த மரியாதையைக் கெடுப்பதற்கு எனக்குச் சங்கடமாய்த்தான் இருக்கிறது. எங்கள் வீடு இலங்கையின் மலைநாட்டில், மஸ்கெலியாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. நீளம் 12 அடி. அகலம் 10 அடி.

இம்மாதிரி அறைகள் பத்துப் பன்னிரண்டை ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிவிட்டால் அதற்கு ‘லயம்’ என்று பெயர். ஒவ்வோர் அறையும் ஒரு ‘காம்பரா’. அதன் முன்னால் ‘இஸ்தோப்பு’ என்னும் குறுகிய தாழ்வாரம். இவ்வளவில் அப்பாயி, அப்பா, அம்மா, சித்தப்பா, குழந்தைகள் நால்வர், ஆக எட்டுப் பேர் குடியிருந்தோம். விருந்தாளிகளும் வருவதுண்டு, வந்தவர்கள் சீக்கிரம் திரும்பிப் போனதாக எனக்கு ஞாபகமில்லை!

விடிவதற்கு முன்பே பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்கும் தப்பு முழங்கும். அம்மா ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். நாங்கள் பீலிக்கரையில், மலையிலிருந்து இறங்கும் பனிக்கட்டி போன்ற தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வருவோம். அடுப்புக்கு அருகில் உட்காரும் உரிமை அப்பாயிக்கு மட்டுமே உண்டு. அவள் முந்தானைக்குள் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. சண்டையெல்லாம் அந்த இடத்துக்குத்தான்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையின்மேல் ஆயிரம் மத்தளம் ஒரே சமயத்தில் ஒலிப்பது போலிருக்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. வீட்டில் சண்டை சச்சரவு இல்லாத மாதங்கள் அவையே என்று சித்தப்பா சொல்லுவார்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் வேறொரு காட்சி. எதிரே 7,359 அடி உயரத்தில் சிவனொளிபாதமலை. பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், மற்றும் பலருக்கு ஆதாமின் பாதம். வைகாசிப் பௌர்ணமி வரையில் யாத்திரைக் காலம். இரவில் படிக்கட்டு நெடுகிலும் விளக்குகள் எரியும். கீழிருந்து உச்சி வரையில் யாரோ முத்துச் சரம் ஒன்றைத் தொங்கவிட்டது போல் தோன்றும். இஸ்தோப்பில் கம்பளிக்குள் சுருண்டு படுத்து அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவோம். எந்தப் பங்களாவின் சாளரத்திலும் அதற்கு மேலான காட்சி இருந்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

“லயத்தை நினைத்து உருகலாமா? அடிமைத்தனத்தின் சின்னம் அல்லவா அது?” என்று என் நண்பர் ஒருவர் கோபித்துக்கொள்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. வேலை போனால் காம்பராவும் போய்விடும். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மலைகளில் உழைத்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றை 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த நாட்டுக்கும் உரியவர்களல்லாமல் செய்துவிட்டது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அப்பாயியின் முந்தானையைக் கம்பெனி கட்டிக் கொடுக்கவில்லையே!

1964-ம் வருஷம் அக்டோபரில் சாஸ்திரியாரும் ஸ்ரீமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிந்தது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் யோசிப்பது என்று முடிவாயிற்று. 1972-ல் எங்கள் முறை வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

புறப்படும் நாளன்று அப்பாயி தரை முழுவதையும் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டாள். “விட்டுவிட்டுப் போகிற வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு ஆத்தா?” என்று அப்பா கேட்டார். “வர்றவுக யாரோ, மெழுகின தரையில கால் வைக்கட்டும்” என்றாள். தலைமன்னாருக்குச் செல்லும் அந்த ரயிலுக்கு மலைநாட்டில் ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. விவரிக்க வேண்டியதில்லை.

கப்பல், மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி. நீலகிரியில் எங்களைப் போன்றவர்களுக்காக 1968-ல் அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே சிலோன்காரர் என்றார்கள். சில வருஷங்களில் அப்பா கடன் வாங்கி இரண்டு அறையும் ஓட்டுக் கூரையுமாய் ஒரு வீடு கட்டினார். பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. முதல் மழையன்று அப்பாயி இருமுறை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். “சத்தமே இல்லையே, பெய்யுதா இல்லையா?” என்று கேட்டாள். கடைசி வரையில் அவள் ‘நம்ம வீடு’ என்றால் அது மஸ்கெலியாதான்.

2009-ல் யுத்தம் முடிந்த பிறகு, ஒரு கோடையில் அங்கே போய்வந்தேன். 1969-ல் கட்டி முடிந்த மவுஸ்ஸாகலை அணை பழைய மஸ்கெலியாப் பட்டணத்தைக் கோயில், விஹாரை, மசூதியோடு விழுங்கியிருந்தது. நீர் வற்றியிருந்தபடியால், அப்பாயி என்னை இடுப்பில் சுமந்து சென்ற கோயில் சேற்றிலிருந்து தலை காட்டிக்கொண்டு நின்றது. லயம் அப்படியே இருந்தது. எங்கள் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இன்னோர் அறையாக்கியிருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாள் உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தாள். நான் பிறந்த இடம் எது என்று காட்டினேன். அங்கே இப்போது தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. காம்பரா மட்டும் இன்னும் தோட்டத்துடையது.

“அங்கிட்டு உங்களுக்குச் சொந்த வீடா?” என்று கேட்டாள்.

“ஆமாம்” என்றேன்.

“உறுதியோடயா?”

பத்திரத்துக்கு அந்த நாட்டில் உறுதி என்று பெயர். இருக்கிறது என்று சொன்னேன். அவள் பேசாமல் என் கோப்பையை வாங்கி மறுபடியும் நிரப்பினாள்.