உங்களுக்குத் தெரியுமா? பத்து வெள்ளிக்கு ஒரு தோட்டம்!

கெடாவின் பெண்டாங் வட்டாரத்தில் மேற்கே நெல்வயல், கிழக்கே ரப்பர். மூடா, பெடு அணைகளின் தண்ணீரால் 1970-களில் வயல்கள் இருபோகம் கண்டன. அதைக் கவனிக்க 1970-இல் ‘மாடா’ வாரியம் வந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ அந்தத் தண்ணீர் பாய ஒரு சாண் சொந்த நிலம் இல்லை.

அவர்களுக்கு அதைவிடப் பெரிய அடி முன்பே விழுந்திருந்தது. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்றாலே பெரியவர்கள் முகம் இன்றும் மாறும். வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும்.

அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக நடந்தார். “நாமே வாங்குவோம்” என்பதுதான் பேச்சின் சாரம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். இருட்டோடு எழுந்து, மரத்துக்கு மரம் மங்கு கவிழ்த்துப் பால் சேர்த்தவர்களுக்கு அது பல நாள் கூலி. சிலருக்குச் சந்தேகமும் இருந்திருக்கும், இருக்காதா பின்னே?

சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே தெரியுமா? இதே கெடாவில்: புக்கிட் சிடிம். அங்கே பால் வெட்டியவர்களே பங்குதாரர்கள். 1979-இல் சம்பந்தன் மறைந்தபின் துணைவியார் உமா சம்பந்தன் சங்கத்தை நடத்தினார்.