ஓடாத காரின் பெல்ட்டுக்கும் வயசாகும்

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று தென்சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் அப்படி ஒரு கார் இருக்கும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, தூணுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், உறை போட்டு மூடி நிற்கும் சான்ட்ரோ; இல்லாவிட்டால் பழைய ஆல்டோ. நம்பர் பிளேட் டிஎன் 06 அல்லது 07 என்று தொடங்கும். சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளிநாட்டில். கோயிலுக்கும் டாக்டரிடமும் போவதற்கு மட்டும் வண்டி வெளியே வரும். பதினைந்து வருஷத்தில் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. விற்கிற நாள் வந்தால் ‘டாக்டர் யூஸ், சிங்கிள் ஓனர்’ என்று புரோக்கர் நல்ல விலை சொல்வார்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இந்த ரக வண்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எவ்வளவு ஓடியது என்பதைவிட, “பெல்ட் எப்ப மாத்துனீங்க சார்?” என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. பலருக்கு அந்தப் பெல்ட் எது என்றே தெரியாது. பானெட்டைத் திறந்தாலும் அது கண்ணில் படாது, பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். வெளியே தெரிவதெல்லாம் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் சுற்றும் பெல்ட்டுகள். அவை அறுந்தால் பேட்டரி லைட் எரியும், ஏசி நிற்கும். உள்ளே இருப்பது அறுந்தால் காரே நின்றுவிடும்.

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும்போது கீழே கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றுகிறது. மேலே ஹெட்டில் இருக்கும் கேம்ஷாஃப்ட், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கிராங்கில் இருக்கும் பல்சக்கரத்தைவிடக் கேமில் இருப்பதற்கு இரு மடங்கு பற்கள். இந்த இரண்டையும் பிசகாமல் சேர்த்து ஓட்டுவதே உள்பக்கம் பல் வைத்த இந்த ரப்பர் டைமிங் பெல்ட்டின் வேலை. ரப்பர் என்றாலும் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே இழுவிசையைத் தாங்கும் கண்ணாடி இழைக் கயிறுகள், பற்களின் மேல் நைலான் துணி, சுற்றிலும் சூடு தாங்கும் செயற்கை ரப்பர்.

பழைய மெட்ராஸ் மெக்கானிக்குகளுக்கு இந்தப் பெல்ட் அறிமுகம் இல்லாத சாமான். அம்பாசடர், பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாவற்றிலும் கேம்ஷாஃப்ட் கீழே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒரு குட்டைச் செயின் இணைத்தது. தேய்ந்தால் கரகரவென்று சத்தம் போட்டுத் தெருவுக்கே சொல்லும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது 796 சிசி என்ஜினின் தலைக்கு மேல் கேம் ஏறியது, கூடவே பெல்ட்டும் வந்தது. எடை குறைவு, சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. சின்னக் காருக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன? உலகத்தில் இந்த முறை அதற்கும் இருபது வருஷம் மூத்தது. 1940-களில் நெசவு ஆலை எந்திரங்களுக்காகப் பிறந்த பல்பெல்ட்டை, பெருமளவில் தயாரித்த காரில் முதலில் பொருத்தியது ஜெர்மனியின் கிளாஸ் 1004, 1962-இல்.

அடுத்து 1998 செப்டம்பரில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. நம்ம ஊர்ப் பக்கத்தில் செய்த கார் என்பதாலோ என்னவோ, சென்னையின் நடுத்தரக் குடும்பங்களில் அது சொந்தப் பிள்ளை போல ஒட்டிக்கொண்டது. அதிலும் டைமிங் பெல்ட்தான்.

பெல்ட்டை மாற்றும் கெடு எல்லா மாடலுக்கும் ஒன்றல்ல. பொதுவாக அறுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை சொல்வார்கள். அதோடு சேர்த்து வருஷக் கணக்கும் உண்டு, பெரும்பாலும் ஐந்தாறு வருஷம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. அந்த இரண்டாவது பாதியைத்தான் யாரும் படிப்பதில்லை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும், பல்லின் அடிவாரத்தில் நூல் போல வெடிப்பு விழும். சித்திரை வெயிலில் தெருவோரம் நிற்கும் காரின் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சென்னைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிலோமீட்டர் கணக்கும் இந்த ஊரில் முழு உண்மையைச் சொல்லாது. பனகல் பார்க்கைச் சுற்றி, லஸ் முனையில், மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே நிற்கும் காரின் என்ஜின் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் அப்படி நின்றால் 48,000 சுற்று. அத்தனைக்கும் பெல்ட் ஈடு கொடுத்திருக்கிறது, மீட்டரிலோ ஒரு கிலோமீட்டர் ஏறவில்லை. தி.நகரில் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போன காரும் ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போய் வந்த காரும் ஒரே கணக்கில் வராது.

அறுவதற்கு முன்னால் பெல்ட் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று அணையும். சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் வழக்கமான திணறல் இல்லாமல் சர்ரென்று லேசாகச் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. கேம் சுற்றாததால் சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும், சிலிண்டரில் அழுத்தம் சேராது; அந்த லேசான சத்தத்துக்கு அதுதான் காரணம். அப்படிக் கேட்டால் மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. கயிறு கட்டி இழுத்தோ லாரியில் ஏற்றியோ ஷெட்டுக்குக் கொண்டுபோவதுதான் சரி.

ஏன் என்றால், பல என்ஜின்களில் வால்வு கீழே இறங்கும் இடமும் பிஸ்டன் மேலே வரும் இடமும் ஒன்றுதான். வேளை தவறாமல் ஒன்றுக்கொன்று ஒதுங்கிக்கொள்வதால் மோதல் இல்லை. பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. நீட்டிக்கொண்டிருக்கும் வால்வின் மேல் வந்து இடிக்கும். ஷெட்டில் இதை ‘வால்வு பெண்டு’ என்பார்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் எல்லாம் மாற்றி முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பழைய காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அந்தத் தொகையைக் கேட்டதும் வண்டியை அப்படியே, பழைய கார்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

மாற்றும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பொழுது. தெரிந்த கைக்கு அரை நாள் ஆகும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுவார்கள். பெல்ட் இருக்கும் பக்கத்து முன் டயர் இறங்கும். என்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்து மவுண்டிங்கைப் பிரிப்பார்கள். வெளிப் பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் மூடி என்று ஒவ்வொன்றாகக் கழன்ற பிறகுதான் அசல் சரக்கு கண்ணுக்குத் தெரியும். பளபளவென்று இறுகிய முதுகு. மடித்துப் பார்த்தால் பல்லிடுக்கில் வெடிப்பு.

ஆனால் மடித்துப் பார்ப்பது கழற்றிய பிறகுதான். அதற்கு முன் மார்க் சேர்க்க வேண்டும். கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவருவார்கள். கேம் சக்கரத்தில் ஒரு குறி, ஹெட்டில் ஒரு குறி. கிராங்க் சக்கரத்தில் ஒரு குறி, அதன் பின்னால் என்ஜின் உடம்பில் ஒரு குறி. இரண்டு ஜோடியும் நேருக்கு நேர் நின்ற பிறகு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பழசை உருவ வேண்டும். நல்ல மெக்கானிக் அதோடு விடமாட்டார். டென்ஷனர் பேரிங்கைக் காதருகே வைத்து விரலால் சுற்றிப் பார்ப்பார், கரகரத்தால் அதுவும் மாற்ற வேண்டும். கிராங்க், கேம் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பார்ப்பார். எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுவிடும். சில என்ஜின்களில் வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. பெல்ட்டுக்காகக் கொடுத்த அதே கூலியில் பம்ப்பையும் மாற்றிக்கொள்வது லாபம். பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய பேரிங்கை விட்டுவைப்பது கஞ்சத்தனம்.

புதுப் பெல்ட்டை உறையிலிருந்து எடுத்து முறுக்கியோ உள்பக்கம் வெளியே வரத் திருப்பியோ பார்க்கக் கூடாது, கண்ணாடி இழை முறியும். மாட்டி, டென்ஷன் வைத்து, கிராங்கைக் கையாலேயே முழுசாக இரண்டு சுற்று சுற்றுவார்கள். கேம் ஒரு சுற்று முடித்து மார்க்குகள் மறுபடி நேராக வந்தால் வேலை சரி. வழியில் எங்காவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும். இந்த இரண்டு சுற்றைத் தாண்டிக் குதித்து நேராகச் சாவியைத் திருகுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் இழுவை இருக்காது, ஐடிலிங்கில் உதறும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் அடையாற்றங்கரைத் தெருக்களிலும் மூழ்கிய கார்கள் கணக்கில்லை. 2023 மிக்ஜாம் புயலிலும் பல தெருக்களில் அதே கதை. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் சீட்டையும் ஒயரிங்கையும்தான் பார்த்தார்கள். பெல்ட் மூடி தண்ணீர் புகாத டப்பா அல்ல. உள்ளே போன சேறு பல்லிடுக்கிலும் பேரிங்கிலும் தங்கும். வெள்ளத்தில் நின்ற காரை வாங்குகிறவர், கெடு எதையும் பார்க்காமல் பெல்ட், பேரிங் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

எல்லாக் காரிலும் இந்தத் தலைவலி கிடையாது. 796 சிசி மாருதி 800, ஆல்டோ, பழைய ஜென், 2010-க்கு முந்தைய வேகன் ஆர், சான்ட்ரோ, 1.1 லிட்டர் ஐ10, கால் டாக்சியாக ஊரைச் சுற்றிய இண்டிகா டீசல், மறைமலை நகரில் தயாரான ஃபிகோ 1.4 டீசல்: இவை பெல்ட். ஆல்டோ கே10, 1.2 லிட்டர் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் ஐ10, ஸ்விஃப்ட் 1.3 டீசல்: இவை செயின். செயினுக்குக் கெடு இல்லை என்றாலும், ஆயிலை வேளைக்கு மாற்றாவிட்டால் அதுவும் நீளும், சத்தம் போடும். ஒரே பெயரில் இரண்டு ரகமும் இருப்பதால் என்ஜின் அளவைச் சொல்லிக் கேட்பதுதான் சரி.

எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட் என்று நடுவில் ஒரு பரிசோதனையும் நடந்தது. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் அந்த வகை. சென்னையில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன ஈகோஸ்போர்ட் கார்கள் உட்பட ஏறத்தாழ 1.4 லட்சம் வண்டிகளை, ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் கோளாறுக்காக 2023 டிசம்பரில் அங்கே திரும்ப அழைத்தார்கள்.

பாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. ஆனால் பழைய வண்டியில் கழற்றிய பெல்ட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கம்பெனிப் பெட்டியில் வரும் போலியும் உண்டு. பில் இல்லாத கடையில் இதை வாங்க வேண்டாம். மாட்டி முடித்ததும் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதியையும் மீட்டர் கணக்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பானெட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகும்போது விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள்; இந்த மூடியைத் திறந்து பார்ப்பது சொந்தக்காரர் பொறுப்பு. வீட்டில் பெல்ட் ரகக் கார் இருந்தால் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பெல்ட் மாற்றிய தேதி அதில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு இந்த மாதமே ஷெட்டுக்கு விடுங்கள்.