இடைவெளி விட்டுப் படம் எடுப்போம்



பால்மரத்தைச் சீவியவுடன் வெட்டுக்கோட்டில் பால் அரும்பும். பிறகு கோட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். ஆனால் சீவிய நேரம் முதல் பால் எடுக்கும் நேரம் வரை அந்தப் பால் ஒரே சீராக வழிகிறதா? முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வழிகிறதா? எந்த நேரத்தில் அது அடங்குகிறது? இதை ஒரே மரத்தடியில் நின்று பார்க்க நம்மில் எவருக்கு நேரம் இருந்தது? ஒரு மரத்தைச் சீவினால் அடுத்த மரம், ஒரு நிரை முடிந்தால் அடுத்த நிரை என்றுதான் நம் காலைப்பொழுது போயிற்று.

நமக்காக அந்த மரத்தடியில் பொறுமையாக நின்று பார்த்துச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. அது இன்று பல வீடுகளில் உள்ள டிஜிட்டல் கேமராதான். அதில் ‘இண்டர்வல் டைமர்’ என்று ஒரு வசதி உண்டு. குறித்த இடைவெளியில், நாம் விசையைத் தொடாமலே, கேமரா தானாகப் படம் எடுத்துக்கொண்டே போகும். இருபது விநாடிக்கு ஒன்று என்றால் இருபது விநாடிக்கு ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. இந்த வசதியை எப்படிப் பயன்படுத்துவது, அதனால் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் என்ன நன்மை என்பதைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

இந்த முறை புதியதன்று. 1874-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்து சென்றது. அதைப் பதிவு செய்வதற்காகப் பிரெஞ்சு வானியல் அறிஞர் ஜான்சென் ஜப்பான் நாட்டுக்குச் சென்றார். அதற்காக அவர் அமைத்த கருவி 72 விநாடிகளில் 48 படங்கள் எடுக்கக்கூடியது. அதாவது ஒன்றரை விநாடிக்கு ஒரு படம். திரைப்படம் பிறப்பதற்கு முன்பே இடைவெளிப் படம் பிறந்துவிட்டது.

நம் முன்னோர்கள் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கொடைக்கானல் மலையில் 1899-ஆம் ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். இடைவெளி ஒரு நாள். ஒரு நாள் படத்தைத் தனியே பார்த்தால் சூரியனில் சில கரும்புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறையும் நடை தெரியும். ஒரு படம் சொல்லாததை வரிசை சொல்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் கணக்கு. நம் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுவதால்தான் அசைவு தெரிகிறது. நாமும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். இருபது விநாடி ஓடும் படம் வேண்டுமானால் 20-ஐ 25-ஆல் பெருக்க வேண்டும். 500 படங்கள் தேவை. பால் வழிவதை மூன்று மணி நேரம் எடுக்க விரும்புகிறோம். மூன்று மணி என்பது 10,800 விநாடி. அதை 500-ஆல் வகுத்தால் இருபத்தொன்றரை விநாடிக்குச் சற்று அதிகம் வருகிறது. ஆகவே 20 விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தால் போதும். அப்போது 540 படங்கள் கிடைக்கும். அவை 21 விநாடிக்கு மேல் ஓடும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுவிடுவார்கள். பெருக்கலும் வகுத்தலும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

எதற்கு எவ்வளவு இடைவெளி? பொருள் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மேகம் ஓடுவதற்கு ஐந்து விநாடி போதும். கிளேபாங் கடற்கரையில் நீர் ஏறி இறங்குவதற்கு ஒரு நிமிடம் சரியாக இருக்கும். பச்சைப்பயறு முளைப்பதற்குப் பத்து நிமிடம் வைக்கலாம். மூன்று நாளில் 432 படங்கள் சேரும்.

அடுத்து, கேமராவை ஆயத்தப்படுத்தும் முறை. மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற வேண்டும். நினைவட்டையில் போதிய இடம் இருக்க வேண்டும். ஒரு படம் ஐந்து மெகாபைட் என்றால் 540 படங்களுக்கு ஏறத்தாழ 2.7 ஜிகாபைட் தேவைப்படும். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். முக்காலி இல்லையென்றால் ஒரு கட்டையின் மேல் மணல் பையை வைத்து, அதன்மேல் அமர்த்தலாம். தொடங்கிய பிறகு கேமரா ஒரு விரற்கடை நகர்ந்தாலும் படம் துள்ளும்.

பிறகு, கேமரா தானாக முடிவு செய்யும் சிலவற்றை நாம் நிறுத்திவைக்க வேண்டும். குவியத்தைக் கையால் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். இல்லையேல் நடுவில் ஒரு கொசு பறந்தாலும் கேமரா கொசுவைப் பார்க்கப் போய்விடும். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் ஒரே நிலையில் வையுங்கள்; மாறினால் படம் ஓடும்போது மினுக்கு மினுக்கென்று கண்ணை உறுத்தும். பளிச்சொளி விளக்கு வேண்டாம்.

இவை முடிந்த பின் பட்டியலைத் திறந்து இண்டர்வல் டைமரைத் தேடுங்கள். நிக்கான், கேனன், சோனி ஆகியவற்றின் பல கேமராக்களில் இது உண்டு. பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். பொதுவாக அது மூன்று கேள்வி கேட்கும். எப்போது தொடங்க வேண்டும்? எவ்வளவு இடைவெளி? மொத்தம் எத்தனை படம்? மூன்றுக்கும் விடை கொடுத்துத் தொடக்க விசையை அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரு படத்தை எடுத்து நினைவட்டையில் சேர்க்க ஆகும் நேரத்தைவிட இடைவெளி நீளமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கேமரா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பல கைப்பேசிகளில் ‘டைம் லேப்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஓடும் படமாகவே சேர்த்துத் தந்துவிடும். ஒவ்வொரு படமும் தனித்தனியே கைக்கு வராது. பார்த்து மகிழ அது போதும். அளந்து அறிவதற்குத் தனிப்படங்களே ஏற்றவை. ஏனென்றால் கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால், ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரம் பதிவாகியிருக்கும். படமும் மணியும் சேர்ந்தால் அது அளவு ஆகிவிடுகிறது.

இப்போது மீண்டும் பால்மரத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும் சிறு தோட்டங்களில் பால்மரம் பார்க்கலாம். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, நிரையின் கடைசி மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக விடிந்த பிறகு அதைச் சீவச் சொல்லுங்கள். மங்குக்கு உள்ளே, விளிம்பிலிருந்து அடி வரை, சென்டிமீட்டர் குறித்த சிறு குச்சியை நிறுத்தி, குச்சியும் மங்கும் தெளிவாகத் தெரியும்படி கேமராவை வையுங்கள். காலைப் பனியில் கண்ணாடி மங்கிவிடும். ஆகையால் அரை மணி முன்னதாகவே கேமராவை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை கைவசம் இருக்கட்டும். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். பாம்பும் உண்டு, காட்டுப்பன்றியும் உண்டு.

படங்கள் வந்த பின், முப்பதாவது படம், அறுபதாவது படம் என்று எடுத்து, பால் எந்தக் குறியில் நிற்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். 20 விநாடிக்கு ஒரு படம் என்பதால் முப்பது படம் பத்து நிமிடம். எழுதியதைக் கட்டத்தாளில் கோடாக வரைந்தால், கோடு முதலில் செங்குத்தாக ஏறும். பிறகு சாய்ந்து, கடைசியில் படுத்துவிடும். பட்டையில் உள்ள நுண்ணிய பால் குழாய்களைக் கத்தி திறக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தத்தால் பால் பீறிட்டு வருகிறது. நேரம் ஆக ஆக அழுத்தம் குறைகிறது. குழாய் வாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழப்பதால் மரத்தின் உள்ளழுத்தம் இன்னும் தாழும். ‘இருட்டோடு சீவினால்தான் பால்’ என்று நம் பெற்றோர் கண்ட உண்மைக்கு அறிவியல் தரும் விளக்கம் இதுதான்.

இன்னொரு சோதனை, பள்ளித் திடலில். ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, பகல் 12 மணி முதல் 3 மணி வரை நிமிடத்துக்கு ஒரு படமாக அதன் நிழலை எடுங்கள். 180 படங்களில் எதில் நிழல் மிகக் குட்டையாக இருக்கிறது? அதுவே உண்மையான உச்சிப்பொழுது. மலாக்காவில் அது ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பகல் 1 மணிக்குப் பிறகே வரும். காரணம் என்ன? 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். இந்த நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு சபாவுக்கும் கிழக்கே போகிறது. நாமோ ஏறத்தாழ 102 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். 18 பாகைக்கு 72 நிமிடம். மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் இச்சோதனையைச் செய்தால், சூரியன் நம் தலைக்கு நேரே வருவதால் நிழல் கிட்டத்தட்ட மறைந்தே போகும். ஒன்று மட்டும் கவனம்: கேமராவைச் சூரியனை நோக்கித் திருப்பக்கூடாது, கேமராவின் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவும் கூடாது. கண்பார்வை போய்விடும்.

நேயர்களே, மணிக்கணக்கில் நடப்பதைப் பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் நடப்பதும் நம்மைச் சுற்றி இருக்கிறது. மலேசியாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரானதே நம் மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அதை நட்டார். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் என்று எங்கும் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் எத்தனையோ இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் எங்கே இருந்தன, பெரட்டுக்களம் எது, மாரியம்மன் கோயில் முதலில் எந்த மரத்தடியில் இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், பெரியவர்களின் நினைவைத் தவிர நம்மிடம் என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் படம் எடுத்தோம்; நாம் வாழ்ந்த இடத்தை எடுக்கவில்லை. மாற்றம் மெதுவாக வந்ததால், எடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

இதற்கு இண்டர்வல் டைமர்கூடத் தேவையில்லை. மின்கலம் அவ்வளவு நாள் தாங்காது. நாமே டைமராக இருக்க வேண்டும். கோயில் வாசல், பள்ளிக்கூடம், லயத்து மேடு, செம்பனை வரிசை தொடங்கும் இடம் என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல்லைப் பதியுங்கள். படத்தின் இடது ஓரத்தில் ஓர் அடையாளம், வலது ஓரத்தில் ஓர் அடையாளம் என்று இரண்டு நிலையான பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே கல்லில் நின்று, அதே உயரத்தில், அதே அடையாளங்கள் தெரிய ஒரே ஒரு படம் எடுங்கள். ஒரு குறிப்பேட்டில் நாளையும் அன்று கண்டதையும் எழுதுங்கள். படங்களை இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். பெற்றோரால் ஒரு வாரம் முடியாவிட்டால் பிள்ளை எடுக்கட்டும்.

ஆண்டுக்கு 52 படம். பத்து ஆண்டுகளில் 520 படம். நம் கணக்கின்படி அது இருபத்தொரு விநாடி ஓடும். ஒரு மங்கு பால் நிறைவதைக் காட்டிய அதே அளவு நேரம். கன்று மரமாவதும், மரம் சாய்வதும், சாலை வருவதும், கோயிலுக்குப் புது வண்ணம் ஏறுவதும் அதில் வரிசையாகத் தெரியும். நாளும் நேரமும் பதிந்த அந்த வரிசை, பிற்காலத்தில் யாராவது ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்டால், நம் பிள்ளைகள் எடுத்துக் காட்டக்கூடிய சான்றாகவும் இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.