மக்கள் குரலும் அரசின் முடிவும்

அணையும் ஆலையும் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாதன. எனினும், அவற்றால் ஆறும் காடும் அடையக்கூடிய கேட்டை முன்னரே ஆராய்தலும், அருகில் வாழ்வோரின் கருத்தைக் கேட்டலும் அரசின் கடமையாகும். இவ்வுண்மையை நாட்டிற்கு உணர்த்தியது கேரளத்தின் சைலண்ட் வேலி என்னும் அமைதிப் பள்ளத்தாக்கு.

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டத்திற்கு 1973இல் திட்டக்குழு இசைவளித்தது. மலபாருக்கு மின்சாரம் தேவைப்பட்டது மெய்யே. ஆனால், அணைநீரில் மூழ்கவிருந்ததோ சிங்கவால் குரங்குகள் வாழும் அரிய மழைக்காடு. மக்களைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டுமென்னும் விதி அன்று இல்லை. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினர் வெறும் முழக்கத்தோடு நில்லாது, மின்தேவையையும் காட்டின் பயனையும் ஆராய்ந்து கணக்கோடு வாதிட்டனர். கவிஞர் சுகதகுமாரி முதலானோர் துணைநின்றனர். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

அன்று பல்லாண்டு போராடிப் பெற்ற வாய்ப்பை இன்று விதியே வழங்குகிறது. குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்கு 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று; 1997இல் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துரைக்கக் குறைந்தது 30 நாள் தவணை தந்து நாளிதழ்களில் அறிவித்தல் வேண்டும். மதிப்பீட்டின் சுருக்கம் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் கிடைத்தல் வேண்டும். கூட்டத்தில் எழுந்த கருத்துகளை வட்டார மொழியிலேயே படித்துக் காட்டுதலும் வேண்டும்.

இதில் விலக்குகள் உண்டு. எதிர்ப்பு எழுந்தவுடனே திட்டம் நின்றுவிடுவதுமில்லை; இஃது வாக்கெடுப்பன்று, இறுதி முடிவு அரசாங்கத்தினுடையதே. ஆயினும், பதிவான ஐயங்களுக்குத் திட்டத்தார் விடை கூறியாக வேண்டும். பதிவாகாத முணுமுணுப்புக்கு விடை கூறுவார் யார்?

வாழ்வு நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய அன்பர்களே! ‘இஃது அவர்கள் ஊர்ச் செய்தி’ என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. கருத்துக்கேட்பு நோக்குவது நாம் பிறந்த ஊரையன்று, வாழும் இடத்தையே. மேடையேறிப் பேச மொழி தடையாயின், அண்டை வீட்டாரின் துணையோடு எழுதியும் அளிக்கலாம். நாளிதழில் அவ்வறிவிப்பைக் கண்டால் புறக்கணியாதீர்கள். அவ்வூரின் நீரையும் காற்றையும் நம்பித்தானே நம் பிள்ளைகளும் வளர்கின்றனர்!